ஒரு கட்டுப் புல் பதமாகாது



மலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சென்ற வாரம் கைக்குக் கிடைத்தது. அவர் வீட்டில் ஒரு கறவை மாடு இருக்கிறது. கீழே சமவெளியில் இருக்கும் தம்பி, புதுவகை மாட்டுப்புல் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். “ஆள் உயரத்துக்கு மேல வளருதாம் ஐயா. ஒரு தூரு வெட்டினா ஒரு சுமை நிறையுதாம். எங்ககிட்ட இருக்கிற பழைய புல்லைத் தோண்டிப் போட்டுட்டு இதையே நட்டுடலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

“இப்போதைக்குத் தோண்டாதீர்கள் அம்மா” என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் காரணம் சொல்லாத பதில் யாருக்கும் பயன்படாது. அதோடு, இதே கேள்வியை முன்பு ஒருவர் என்னிடம் கேட்டார். நான் தப்பான பதில் சொன்னேன். அதன் பலனை அவர்தான் சுமந்தார், நான் சுமக்கவில்லை. அந்தக் கதையை இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக் கல்லூரியை முடித்த கையோடு கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். சமவெளியில், கித்தா மரத்து நிழலில் வளர்ந்தவன் நான். குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கம்பளிகூட இல்லாமல் போய் இறங்கினேன். நாலாம் லயத்தில் இருந்த ஓர் அக்காதான் முதல் வாரம் ஒரு பழைய கம்பளியும் தினம் ஒரு குவளைப் பாலும் கொடுத்தனுப்பினார்.

அந்த அக்கா கொழுந்து பறிப்பவர். கணவர் தேயிலை ஆலையில் வேலை. வீட்டில் மூன்று பிள்ளைகள், கொட்டகையில் ஒரு மாடு. லயத்தில் பால் ஊற்றிக் கிடைக்கும் பணத்தை அவர் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். பிள்ளைகளின் பள்ளிச் செலவு முழுவதும் அந்த டப்பாவிலிருந்துதான் வரும். லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவில் அவருடைய மாமியார் காலத்திலேயே நட்ட நேப்பியர் புல் நின்றது. யானைப்புல் என்று சிலர் சொல்வார்களே, அதுதான். அதிகம் உயராது, பார்வைக்கு எடுப்பாகவும் இராது. ஆனால் வருடம் முழுவதும் ஏதோ கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் அவருடைய தம்பி கீழிருந்து புதுப்புல் தண்டு சில கொண்டுவந்தார். கம்புப் பயிரையும் நேப்பியரையும் கலந்து உண்டாக்கிய வகை என்று யாரோ சொன்னார்களாம். கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தூரு நட்டார்கள். அது எழுந்த எழுச்சியைப் பார்க்க லயமே திரண்டு வந்தது. கரும்பு போலத் தண்டு, வாள் போல இலை!

“நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க வாத்தியாரே, இதையே நட்டுடலாமா?” என்று அக்கா கேட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையில் தொங்கு தராசை இரவல் வாங்கினேன். புதுப்புல்லில் ஒரு தூரு, பழைய புல்லில் ஒரு தூரு வெட்டச் சொல்லி நிறுத்தேன். புதியது பழையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. உடனே, “ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், அக்கா. யோசிக்காம நடுங்க” என்று பெருமையோடு சொன்னேன். அக்காவும் அவர் கணவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாமியார் நட்ட புல்லை வேரோடு தோண்டிப் புதியதை நட்டார்கள்.

முதல் இரண்டு வெட்டு அருமையாக வந்தது. எனக்கும் நல்ல பெயர். பிறகு அக்டோபர், நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. மேகம் மூடினால் நாள் கணக்கில் வெயிலைப் பார்க்க முடியாது. புல்லின் இலையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. ஜனவரியில் குளிர் ஏறியதும் புல் வளர்வதையே நிறுத்திக்கொண்டது. வெட்டிய தூரு வெட்டியபடியே நின்றது.

மாட்டுக்கு அதெல்லாம் தெரியுமா? அதற்குத் தினமும் பசிக்கும். பகல் முழுவதும் கொழுந்துக் கூடை சுமந்த அந்த அக்கா, மாலையில் சாக்கும் அறுவாளும் எடுத்துக்கொண்டு சாலை ஓரங்களில் புல் தேடி அலைந்தார். களைக்கொல்லி அடித்த இடமா, அடிக்காத இடமா என்று பார்ப்பவரிடமெல்லாம் கேட்டுக் கேட்டு அறுத்தார். பால் குறைந்தது. டப்பாவில் விழும் காசும் குறைந்தது.

ஒரு நாள் அவருடைய மூத்த மகள் வகுப்புக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. விசாரித்தால், அம்மாவோடு புல்லறுக்கப் போயிருக்கிறாள். வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே “வரவில்லை” என்று குறித்தவன் நான். அவளை வரவிடாமல் செய்தவனும் நானே.

அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “மலை வேற, கீழ வேற போலிருக்கு வாத்தியாரே” என்று மட்டும் சொன்னார். பயிற்சிக் கல்லூரியில் நான் படிக்காத பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

மலை ஏன் வேறு?

கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் ஏற ஏற ஏறக்குறைய 0.6 டிகிரி வெப்பம் குறையும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கணக்குப் போடுங்கள், சமவெளியைவிட எட்டு, ஒன்பது டிகிரி குறைவு. வெப்பநாட்டுப் புல்வகைகள் பெரும்பாலும் 15 டிகிரியை நெருங்கும்போதே வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்ளும். மலையில் இரவுக் குளிர் அந்த அளவுக்கு இறங்கிவிடுகிறது. மேகமும் மூடுபனியும் சேர்ந்தால் வெயிலும் குறைவு. கீழே ராஜாவாக நின்ற புல் மேலே ஆண்டியாகிவிடுவது இதனால்தான்.

இதற்கு எதிர்மாறாகவும் நடக்கும். கிக்கூயூ என்று ஒரு புல். கென்யா நாட்டு மலைப்பகுதியில் வாழும் கிக்கூயூ மக்களின் பெயரைக் கொண்டது. உயர்ந்த மலைகளின் குளிரைத் தாங்கிப் படரும். நம் சமவெளி வெக்கையில் அதற்கு அந்தத் தெம்பு இராது. தக்காளியும் அப்படியே. இரவில் புழுக்கம் அதிகமானால் சாதாரண தக்காளி வகைகள் பூக்கும், ஆனால் பூ பிஞ்சாகாமல் உதிரும். ஆகவே “நல்ல வகை” என்று ஒன்று தனியாக இல்லை. எந்த இடத்துக்கு நல்லது, எந்த மாதத்துக்கு நல்லது என்று சேர்த்துத்தான் கேட்கவேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ளத்தான் சோதனைத் தோட்டங்கள் வைக்கிறார்கள். கேமரன் மலையின் சரித்திரமே அதில்தான் தொடங்குகிறது. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அந்த மலைப்பகுதியைப் பற்றி எழுதினார். 1925-இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்தார். அதன்பின் தானா ராத்தாவில் ஒரு சோதனைத் தோட்டம் அமைந்தது. தேயிலை, காப்பி, பழமரங்கள், காய்கறிகள், கொய்னா மருந்துக்கான சிங்கோனா மரம் எல்லாவற்றையும் அங்கே நட்டுப் பார்த்தார்கள். 1929-இல் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. இன்று மலையில் தேயிலையும் காய்கறியும் பூவும் பெருகி நிற்கின்றன. சிங்கோனா அப்படிப் பெருகவில்லை. நட்டுப் பார்த்த எல்லாமே நிலைத்துவிடாது. 1969-இல் அமைந்த மார்டி என்னும் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் அந்த மலையில் நிலையம் வைத்திருக்கிறது.

சமவெளி வாசகர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. கித்தா மரம் சீவியவர்கள் யாரிடமாவது “அறுநூறு” என்று சொல்லிப் பாருங்கள். “ஆர்.ஆர்.ஐ.எம். 600 தானே!” என்பார்கள். ஜாவாவின் ‘ஜிர் 1’ மரத்தையும், சிலாங்கூரில் பிராங் புசார் தோட்டத்து ‘பி.பி. 86’ மரத்தையும் சேர்த்து உண்டாக்கிய ஒட்டு இனம் அது. இன்று புத்ராஜெயா நகரம் நிற்கும் மண்தான் அந்தப் பழைய பிராங் புசார் தோட்டம்.

ஒரு கித்தா மரம் சீவும் பருவத்துக்கு வரவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் பல ஆண்டுகள், பல இடங்களில் வைத்து, எவ்வளவு பால் என்று அளந்தார்கள். பாலை மட்டுமா பார்த்தார்கள்? காற்றில் ஒடிகிறதா, நோய் பிடிக்கிறதா, பட்டை வறண்டுபோகிறதா என்றும் பார்த்தார்கள். அந்த மரங்களைச் சீவியதும், மங்கில் விழுந்த பாலைச் சேகரித்துக் கொண்டுபோய் நிறுவைக்குக் கொடுத்ததும் தோட்டத் தொழிலாளர் கைகள்தாம். ஆராய்ச்சி என்பது நமக்கு அந்நியமான காரியம் அல்ல என்பதை மறக்கவேண்டாம்.

நான் செய்த நான்கு தவறுகள்

அந்த வருடம் பள்ளி விடுமுறையில் என் தவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நான்கு தவறுகள் தெரிந்தன.

முதல் தவறு, இடம். புதுத் தூரு கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. கொட்டகை கழுவிய தண்ணீர் முழுவதும் அதன் வேருக்குத்தான் போனது. பழைய புல்லோ மேட்டுச் சரிவில், மழையில் மண் கரைந்த இடத்தில் நின்றது. ஒருவனுக்குத் தினம் கறியும் சோறும் போட்டு, இன்னொருவனுக்குக் கஞ்சி மட்டும் ஊற்றி, பிறகு இருவரையும் ஓடவிட்டுப் பந்தயம் பார்த்தவன் நான். சோற்றுப் பழமொழி இங்கே பொருந்தாததற்கும் இதுதான் காரணம். பானையில் எல்லா அரிசிக்கும் ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. நிலத்தில் அப்படியா? ஒரு கஜம் தள்ளினால் மண் மாறுகிறது.

இதற்கு அறிஞர்கள் என்ன வழி கண்டார்கள்? இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 முதல் பயிர்ச் சோதனை நடந்து வருகிறது. 1919-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர் என்ற கணித அறிஞர் ஒரு முறையை வகுத்தார். ஒவ்வொரு வகையையும் ஒரே பாத்தியில் நடாதே, பல பாத்திகளில் திரும்பத் திரும்ப நடு. எந்த வகை எந்தப் பாத்திக்கு என்பதை உன் விருப்பத்துக்கு விடாதே, சீட்டுக் குலுக்கிப் போடு. அவ்வளவுதான். சீட்டுக் குலுக்கும்போது நல்ல மண் ஒரே வகைக்குப் போய்ச் சேராது, நம் மனத்தில் இருக்கும் ஆசையும் இடையில் புகாது. நம் வீட்டுப் பெண்கள் கூட்டுப்பணத்துக்குக் குலுக்கும் அதே சீட்டு, உலகத்துச் சோதனை நிலங்களில் எல்லாம் பயன்படுகிறது.

இரண்டாவது தவறு, தண்ணீரை நிறுத்தேன். கொழுந்து பறிப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. மழை நாளில் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிப்பார்கள். அந்தக் கழிவில் எத்தனை சண்டை வந்திருக்கிறது! ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. புல்லும் அப்படியே. மாட்டுக்குப் பலம் தருவது புல்லில் உள்ள காய்ந்த சத்து. தண்ணீரைத் தொட்டியிலேயே குடித்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 100 கிலோ புதுப்புல்லில் நூற்றுக்கு 15 பங்கு காய்ந்த சத்து என்றால், கிடைப்பது 15 கிலோ. 80 கிலோ பழைய புல்லில் நூற்றுக்கு 20 பங்கு என்றால், கிடைப்பது 16 கிலோ. தராசில் தோற்ற புல், தொட்டியில் ஜெயித்துவிட்டது!

சுமக்கிறவர் பக்கமிருந்தும் பாருங்கள். ஒரு மாடு நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு வரை காய்ந்த சத்துத் தின்னும். 300 கிலோ மாடு என்றால் 9 கிலோ வரை. நூற்றுக்கு 15 பங்கு சத்துள்ள புல் என்றால் அதற்கு 60 கிலோ சுமக்கவேண்டும். 20 பங்கு உள்ள புல் என்றால் 45 கிலோ போதும். மலைச் சரிவில் தினமும் 15 கிலோ தண்ணீரை அதிகமாகச் சுமந்து ஏறுவது யார்? பெரும்பாலும் ஒரு பெண்தான்.

மூன்றாவது தவறு, ஒரே ஒரு வெட்டைப் பார்த்தேன். அதுவும் நல்ல வெயில் மாதத்து வெட்டு. மலையில் ஒரு வருடம் என்பது ஒரே மாதிரியான பன்னிரண்டு மாதங்கள் அல்ல. வெயில் மாதம், அடைமழை மாதம், குளிர் மாதம் எல்லாவற்றையும் புல் கடந்து வரவேண்டும்.

இதற்கும் உதாரணமாக ஒரு கணக்குப் போடுவோம். வருடத்தில் எட்டு வெட்டு. நான்கு நல்ல காலத்தில், நான்கு கெட்ட காலத்தில். புதுப்புல் நல்ல காலத்தில் வெட்டுக்கு 80 கிலோ, கெட்ட காலத்தில் 20 கிலோ. மொத்தம் 400. பழைய புல் நல்ல காலத்தில் 55, கெட்ட காலத்தில் 40. மொத்தம் 380. வருடக் கணக்கைப் பார்த்தால் புதியதுதான் முதல் பரிசு. பெரிய பண்ணைக்காரர் அதை எடுத்துக்கொள்ளலாம். பற்றாக்குறை வந்தால் அவர் லாரியில் தீவனம் இறக்குவார். ஒரு மாடு வைத்திருக்கும் லயத்து வீட்டுக்கு அது முடியுமா? நல்ல மாதத்தில் மிஞ்சியதைக் காயவைத்துச் சேமிக்கலாம் என்றால் மலையின் ஈரம் விடாது. நமக்கு வேண்டியது நல்ல மாதத்தில் மலைக்க வைக்கும் புல் அல்ல, கெட்ட மாதத்தில் கைவிடாத புல்.

நான்காவது தவறு, மாட்டைக் கேட்கவில்லை. புதுப்புல் உயரமாக வளர்ந்ததால் இன்னும் கொஞ்சம் வளரட்டும், இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று விட்டுவிட்டோம். புல் முற்ற முற்ற எடை கூடும், புரதம் குறையும், தண்டு கட்டையாகும். நேப்பியர் வகைகளை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் வெட்டவேண்டும் என்று சொல்வது அதனால்தான். அக்காவின் மாடு இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் மிதித்துப் போட்டது. அந்தத் தண்டும் என் தராசில் ஏறி எடை காட்டியதுதானே! தொட்டியில் மிஞ்சியதை நிறுத்துக் கழிக்காத விளைச்சல் கணக்கு, பாதிக் கணக்கு.

பிள்ளைகள் நடத்திய சோதனை

மறு தவணையில் தலைமையாசிரியரின் அனுமதி வாங்கி, பள்ளிக்குப் பின்னால் இருந்த சரிவில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அந்தச் சோதனையை முறையாகச் செய்தோம். சரிவின் மேலிருந்து கீழாக நான்கு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரே அளவில் இரண்டு பாத்தி. பழைய புல்லுக்கு எது, புதுப்புல்லுக்கு எது என்று வரிசைக்கு வரிசை சீட்டுக் குலுக்கினோம். பழைய புல்லுக்கு எங்கே போனோம் என்கிறீர்களா? அக்கா தோண்டிப் போட்டதில் சில கட்டைகள் வேலியோரத்தில் தானாகத் துளிர்த்திருந்தன. அதிலிருந்துதான் தண்டு எடுத்தோம். அதுவும் இல்லாமல் போயிருந்தால் அந்த இனமே எங்கள் லயத்தில் அற்றுப்போயிருக்கும்.

எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு சாணம். எல்லாவற்றையும் ஒரே நாளில், பனி உலர்ந்த பிறகு, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினோம். ஓரத்துத் தூருகளை நிறுவையில் சேர்க்கவில்லை. ஓரத்தில் நிற்பதற்கு வெளிச்சமும் இடமும் அதிகம், அது பொய்க் கணக்குக் காட்டும். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு கிலோ எடுத்து நறுக்கி, சாப்பாட்டுக்கூடத்து அடுப்பு மேல் காயவைத்து, எடை குறைவது நிற்கும்வரை தினமும் நிறுத்தோம். தராசு பிடிக்க ஒருவன், படிக்க ஒருவன், எழுத ஒருத்தி. எழுதியவள் யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த அக்காவின் மகள்தான்.

அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். “சார், ரெண்டு புல்லுமே கீழ் வரிசையிலதான் சார் நல்லா இருக்கு. மேல் வரிசையில ரெண்டுமே குட்டை” என்றாள். மழை மேல்மண்ணைக் கழுவிக் கீழே சேர்த்திருந்தது. ஒரே வரிசையில் நட்டிருந்தால் மண்ணின் பெருமையைப் புல்லின் பெருமையாக நினைத்திருப்போம். மெத்தப் படித்த வாத்தியார் பார்க்காததைப் பத்து வயதுப் பிள்ளை பார்த்தது.

ஒரு வருடம் முழுவதும் எழுதிய பிறகு நோட்டைத் திறந்தோம். வெயில் மாதங்களில் புதியது முந்தியது. மழையிலும் குளிரிலும் பழையது முந்தியது. காய்ந்த எடையில் இரண்டுக்கும் நாங்கள் நினைத்த அளவு வித்தியாசம் இல்லை. புதுப்புல் கெட்ட புல் அல்ல. தனியாக நம்பத்தக்க புல் அல்ல, அவ்வளவே.

அக்கா நோட்டைப் பார்க்கவில்லை. நாங்கள் வெட்டிய புல்லை மாட்டுக்குப் போட்டவர் அவர்தான். எதைத் தின்றது, எதை மிதித்தது என்று அவருக்கு மனப்பாடம். சரிவில் பெரும்பகுதிக்குப் பழைய புல்லைத் திரும்பக் கொண்டுவந்தார். கொட்டகைத் தண்ணீர் பாயும் கீழ்ப்பகுதியில் மட்டும் புதியதை வைத்துக்கொண்டார். இரண்டும் இரண்டு காலத்துக்கு உதவின. மகள் மறுபடி புல்லுக்காகப் பள்ளிக்கு மட்டம் போடவில்லை.

நீங்கள் எப்படிச் செய்யலாம்?

இதற்குப் பெரிய நிலம் வேண்டாம். முதலில், தோட்ட நிலமானால் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய புல்லில் கைவைக்காமல், மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என மூன்று இடம் எடுங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் பழையது ஒரு பாத்தி, புதியது ஒரு பாத்தி, பக்கத்தில் பக்கத்தில் புதிதாக நடுங்கள். இடமா வலமா என்பதைக் காசு சுண்டிப் பாருங்கள். இடைவெளி, எரு, வெட்டும் நாள் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். மழையில் நனைந்த புல்லை நிறுக்காதீர்கள். கொஞ்சம் காயவைத்தும் நிறுத்துப் பாருங்கள். மறுநாள் காலை தொட்டியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். கணக்குப் பாடமும் அதிலேயே நடந்துவிடும்.

சர்க்கரைவள்ளிக்கும் இதே முறைதான். அதில் ஒரு சங்கதி அதிகம். கொடி மாட்டுக்கு, கிழங்கு நமக்கு. கொடியை அடிக்கடி அறுத்தால் கிழங்கு சிறுக்கும். ஆகவே எந்த வகை நல்லது என்று கேட்பதற்குமுன் எதற்காக நடுகிறோம் என்று முடிவு செய்யவேண்டும். மலையில் கிழங்கு முதிரச் சமவெளியைவிட நாள் கூடும். கீழே எண்ணிய மாதத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு, “இந்த வகை உதவாது” என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இப்போது பதில். தம்பி அன்போடு கொண்டுவந்த புல்லை வேண்டாம் என்று சொல்லாதீர்கள் அம்மா, நடுங்கள். ஆனால் பழைய புல் நிற்கட்டும். அடுத்த மழையையும் அடுத்த குளிரையும் இரண்டும் சேர்ந்து கடக்கட்டும். அதற்குப் பிறகும் புதியது நன்றாக நின்றால், அப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்புங்கள்.

ஒரு வருடம் காத்திருக்க முடியாது என்று யாராவது சொன்னால், நாலாம் லயத்து அக்காவின் கதையைச் சொல்லுங்கள். அந்தக் கதையில் வரும் வாத்தியார் இன்னும் இந்தப் பக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் சோதனை எப்படி வந்தது என்று மறக்காமல் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.